கூட்டம் எடுத்த முடிவைப் பெரியவர்கள் ரத்து செய்யலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து குடும்பங்கள். கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை வாடகைக்கு எடுத்து, அமெரிக்காவின் சட்பரி வேலி பள்ளியை முன்மாதிரியாக வைத்து, எட்டு மாதமாக ஒரு சிறு ஜனநாயகப் பள்ளி நடத்துகிறோம்: எதைப் படிப்பது என்பது பிள்ளைகள் விருப்பம், விதிகளை எல்லோரும் கூட்டத்தில் ஆளுக்கொரு ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. 5 முதல் 13 வயது வரை 11 பிள்ளைகள். பெரியவர்கள் மூன்று பேர். வாரக் கூட்டம் சண்டையில்தான் முடிகிறது. போன மாதம் ‘இனி யாரும் கூட்டிப் பெருக்க வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டு நிறைவேற்றிவிட்டார்கள். அன்று மாலையே நாங்கள் அதை ரத்து செய்தோம். அதிலிருந்து பாதிப் பேர் கூட்டத்துக்கே வருவதில்லை. 13 வயதுப் பையன் கணக்குப் பக்கமே திரும்பவில்லை, கிரிக்கெட்டும் போனும்தான். அவன் அப்பா பத்தாம் வகுப்புக்கு என்ன வழி என்கிறார். பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்து, ‘இவர்கள் எந்தப் பள்ளிப் பிள்ளைகள்’ என்றும் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே சறுக்கினோம்? (பெயர் வேண்டாம்)

பதில்:

பத்தாம் வகுப்புக்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதைவிட அவசரமானது, போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ரத்து.

ஆளுக்கொரு ஓட்டு என்றால் 11 பேர் 3 பேரைத் தோற்கடிப்பார்கள். இது தெரிந்துதான் தொடங்கினீர்கள். ஆனால் பிடிக்காத முடிவு ஒன்று வந்ததும், பெரியவர்களிடம் யாருக்கும் காட்டாத இன்னொரு ஓட்டு இருக்கிறது, அது மற்ற எல்லா ஓட்டையும் விடப் பெரியது என்று வெளிப்பட்டுவிட்டது. அதன்பிறகு கூட்டத்துக்கு வராத பிள்ளைகளைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் நிலவரத்தைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

எல்லா அதிகாரத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கூட்டத்தின் அதிகாரம் எதுவரை என்ற எல்லைக்கோட்டை மூத்த பள்ளிகளே வெவ்வேறு இடத்தில்தான் போட்டிருக்கின்றன. 1921-ல் ஏ. எஸ். நீல் தொடங்கி, இன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் நடக்கும் சம்மர்ஹில் பள்ளியில் தூங்கும் நேரம் உட்பட அன்றாட வாழ்க்கையின் விதிகள் கூட்டத்தின் கையில். ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதும் பாதுகாப்பும் நிர்வாகத்தின் கையில். 1968-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஃப்ரேமிங்ஹாமில் தொடங்கிய சட்பரி வேலி அதைவிட ஒரு படி மேலே போகிறது. அங்கே அடுத்த ஆண்டு எந்தப் பெரியவர் வேலையில் தொடரலாம் என்பதையே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கும் அதில் ஓட்டு உண்டு. எது சரி என்பது வேறு விவாதம். இரண்டு இடத்திலும் கோடு எங்கே இருக்கிறது என்று சேர்கிற அன்றே தெரிந்துவிடும். உங்களிடம் கோடு முடிவு வந்தபிறகு போடப்பட்டது.

ஆகவே வரும் கூட்டத்தின் முதல் பொருளாக இதை ஒரு பெரியவர் வைக்கட்டும்: ‘போன மாதம் கூட்டம் எடுத்த முடிவை நாங்கள் மூவர் மட்டும் மாற்றினோம். அதற்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்த முடிவைக் கூட்டத்திடமே திருப்பித் தருகிறோம்.’ அவ்வளவு போதும். ‘ஆனால் நீங்களும்’ என்று ஒரு வால் சேர்த்தால் எல்லாம் கெட்டது.

அதே கூட்டத்தில், கூட்டத்தால் தொட முடியாதவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் இடத்துக்கு நாலைந்து வரி போதும்: கிணறு, மின்சாரம், காஸ் அடுப்பு ஆகியவற்றின் பாதுகாப்பு, கழிப்பறை, குடிநீர் சுத்தம், சட்டம் கட்டாயமாக்கியவை, வாடகை, சம்பளம், ஒரு பிள்ளையின் உடல்நலமும் வீட்டு விவகாரமும். பட்டியல் அரைப் பக்கத்தைத் தாண்டினால் அதைப் படிக்கும் பிள்ளைகள் மீதி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், நியாயமாகவே. பட்டியலில் இல்லாத எல்லாம் கூட்டத்துடையது. முடிவு உங்களுக்கு எவ்வளவு கசந்தாலும் மாற்ற ஒரே வழி, அடுத்த வாரம் நீங்களும் கை தூக்கிப் பேசி, ஓட்டு வாங்குவது.

கூட்டிப் பெருக்கும் விஷயம் இப்படிப் பார்த்தால் எளிது. கழிப்பறை பட்டியலுக்குள் வருகிறது, எனவே அதைச் சுத்தம் செய்வது நிற்காது. கூடமும் திண்ணையும் கூட்டத்தின் கையில், குப்பை சேரட்டும். இரண்டு வாரத்தில் எறும்பு வரும், யாருடைய சீட்டுக்கட்டோ காணாமல் போகும், பிள்ளைகளில் ஒருவரே தீர்மானம் கொண்டுவருவார். அதுவரை பெரியவர்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பெருக்கி வைக்கக் கூடாது. பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். ‘ஆள் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு யோசனையும் நிச்சயம் வரும். கூட்டத்துக்கென்று இருக்கும் பணத்திலிருந்து சம்பளம் கொடுப்பதானால் அதைப் பேச உரிமை உண்டு. ஆனால் நம் ஊரில் அந்த ‘ஆள்’ எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்க வேண்டியது பெரியவர்களின் வேலை. கழிப்பறை முறைப்பட்டியலில் மூன்று பெரியவர்களின் பெயரும், பையன்களின் பெயரும், இடம் கொடுத்தவரின் பிள்ளை பெயரும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்.

கூட்டம் ஏன் சண்டையாகிறது? உங்கள் கடிதத்தில் ‘அஜெண்டா’ என்ற சொல்லே இல்லை. எல்லோரும் உட்கார்ந்து ‘யாருக்கு என்ன பிரச்சினை’ என்று தொடங்கினால், பெரிய குரல் உள்ளவர் பிரச்சினைதான் பேசப்படும். ஒரு நீள நோட்டை வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலைக்குள் அதில் எழுதப்பட்டதை மட்டுமே பேசுவது. எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். கூட்டத்துக்கு ஒரு நாள், ஒரு மணி. 40 நிமிடம், மீதி அடுத்த வாரம். தலைவர் ஒரு மாதத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர், பெரியவராக இல்லாமல் இருப்பது நல்லது. கை தூக்கியவர் வரிசையைச் செயலர் எழுதிக்கொள்வார், தலைவர் அந்த வரிசைப்படி அழைப்பார். பேச்சு தலைவரைப் பார்த்து மட்டுமே, ஒருவரையொருவர் பார்த்து அல்ல. சண்டை பாதி இதிலேயே இறங்கிவிடும். பெரியவர்கள் ஒரு பொருளில் ஒருமுறைக்கு மேல் பேசுவதில்லை என்று தங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு அது வகுப்பாகத்தான் கேட்கும்.

வர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். கூட்டத்தின் முடிவு வராதவரையும் கட்டுப்படுத்தும், அதுவே போதுமான அழைப்பு. ஐந்து வயதுக்காரர் பத்து நிமிடத்தில் எழுந்து போனால் போகட்டும். ஊஞ்சல் விஷயம் வந்தால் தானே ஓடி வருவார்.

புதிய விதி எதுவும் ஒரே கூட்டத்தில் நிறைவேறக் கூடாது. ஒரு வாரம் வாசிப்பு, அடுத்த வாரம் ஓட்டு. உங்கள் துடைப்பத் தீர்மானம் இந்த ஒரு வார இடைவெளியில் தானாகவே திருந்தியிருக்கக்கூடும். விதியின் வாசகத்தையும் கவனியுங்கள். ‘எல்லோரும் பொருட்களைப் பொறுப்பாகப் பயன்படுத்த வேண்டும்’ என்பது விதி அல்ல, உபதேசம். மீறியவர் யார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ‘சைக்கிள் பம்ப்பை எடுப்பவர் பலகையில் பெயர் எழுத வேண்டும், அன்று நாலு மணிக்குள் ஆணியில் மாட்ட வேண்டும்’ என்பது விதி. நிறைவேறியதைத் தேதியுடன் இன்னொரு நோட்டில் எழுதி எண் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து ‘அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை’ என்ற தகராறு வரும்போது அந்த நோட்டுத்தான் பேசும்.

கூட்டத்தின் கையில் நிஜப் பணமும் வேண்டும். மாதம் இரண்டாயிரம் ரூபாயானாலும் சரி, கணக்கு எழுதுவது ஒரு பிள்ளை, சரிபார்ப்பது இன்னொரு பிள்ளை. பணமில்லாத கூட்டம் பட்டிமன்றமாகிவிடும்.

இன்னொரு கோளாறு: இரண்டு பேரின் தனிச் சண்டையை வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் விசாரிக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதைப் பிரித்தெடுங்கள். சட்பரி வேலியில் இதற்கென்றே நீதிக்குழு உண்டு, பெரும்பாலும் தினமும் கூடும். உங்கள் அளவுக்கு மூன்று பிள்ளைகள், ஒரு பெரியவர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் குழு போதும். புகார் சீட்டில் ஐந்தே கேள்விகள்: யார், என்ன செய்தார், எப்போது, எங்கே, பார்த்தவர் யார். ‘அவன் எப்பவும் வம்பு பண்றான்’ என்ற சீட்டைக் குழு திருப்பிக் கொடுக்கும். ‘செவ்வாய் மதியம் என் செருப்பைக் கிணற்றுமேட்டில் வீசினான்’ என்பதை எடுத்துக்கொள்ளும். முதலில் நடந்தது என்ன என்று இரு தரப்பையும் கேட்டு மூன்று நாலு வரியில் எழுதுவது; பிறகு அது எந்த எண் விதியை மீறியது என்று பார்ப்பது; மீறியவர் ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பது; கடைசியில்தான் தண்டனை. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் கோபத்துக்குத்தான் தண்டனை கிடைக்கும், செயலுக்கு அல்ல. குழுவில் இருப்பவர் புகாரில் சம்பந்தப்பட்டவரின் அண்ணன் தங்கை என்றால் அன்றைக்கு அவர் இடத்தில் வேறொருவர். 11 பேரில், ஐந்து குடும்பத்தில், இது அடிக்கடி நேரும். மாற்றாள் பட்டியல் கையில் இருக்கட்டும்.

தண்டனை செயலோடு ஒட்டியதாக இருக்க வேண்டும்: பம்ப்பைத் தொலைத்தவருக்கு ஒரு வாரம் பம்ப் இல்லை. பிள்ளைகள், முந்தைய பள்ளியின் பழக்கத்தில், தோப்புக்கரணமும் முட்டி போடுவதும் கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிள்ளைகளே ஓட்டுப் போட்டார்கள் என்பது சமாதானமாகாது.

இந்தக் குழுவுக்கு ஒருபோதும் போகக் கூடாதது ஒன்று உண்டு. பாலியல் சீண்டல் என்ற சந்தேகம் லேசாக எழுந்தாலும் அதைக் குழுவோ கூட்டமோ விசாரிக்கக் கூடாது. நீங்கள் மூவரும்கூட உட்கார்ந்து பேசித் தீர்க்கக் கூடாது. போக்சோ சட்டம் 2012-ன் 19-வது பிரிவின்படி காவல்துறையிடமோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம், நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. சுவரில் ஒட்டும் தாளில் இதுவும் இருக்கட்டும்.

இனி அந்தப் பையன். ஏழெட்டு ஆண்டு மணி அடித்தால் உட்கார்ந்து, மணி அடித்தால் எழுந்த பிள்ளை, மணி இல்லாத இடத்துக்கு வந்தால் பல மாதம் ஒன்றும் செய்யாமல்தான் திரிவான். 13 வயதில் வந்தவனுக்கு எட்டு மாதம் அதிகமில்லை. கவனிக்க வேண்டியது வேறு: கிரிக்கெட்டில் அணி பிரிப்பது, விதி பேசுவது, சின்னவர்களைச் சேர்த்துக்கொள்வது நடக்கிறதா, அல்லது தனியாக மூலையில் போனோடு கிடக்கிறானா. முதலாவது என்றால் விடுங்கள். இரண்டாவது என்றால் அவன் வயதுக்கு ஆளில்லை என்று அர்த்தம். 11 பேர் பள்ளியின் நிஜமான குறை அது. 12 வயதுக்கு மேல் இன்னும் இரண்டு மூன்று பேராவது சேராமல் அவனுக்கு இந்த இடம் போதாது.

போனுக்குத் தடை கொண்டுவர விரும்பினால் நோட்டில் எழுதி ஓட்டு கேளுங்கள். பெரியவர்களின் போனுக்கும் அதே விதி என்று சேர்த்தால்தான் ஓட்டு விழும். ஆபாசத் தளங்களை இணைய இணைப்பிலேயே அடைப்பது மட்டும் பெரியவர் பொறுப்பு, அதைப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

கணக்கை அவனுக்குத் தெரியாமல் சமையலுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் ஒளித்து வைக்க முயலாதீர்கள். பிள்ளைகள் இதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு சமையலறைக்கும் வரமாட்டார்கள். அவனிடம் நேராகச் சொல்ல வேண்டியது, அவன் எந்த வாசல் வழியாகப் போக விரும்பினால் எதற்குக் கணக்கு வேண்டும் என்ற தகவலைத்தான்: டிப்ளமோவுக்கு வேண்டும், ஐடிஐ-யின் பல தொழிற்பிரிவுகளுக்கு வேண்டும், பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவுக்கு வேண்டும். முடிவு அவனுடையது. அவனாகக் கேட்டால் ஒப்பந்தம் போட்டு நடத்துங்கள். சட்பரி வேலியை நிறுவியவர்களில் ஒருவரான டேனியல் கிரீன்பெர்க் 9 முதல் 12 வயது வரையான ஒரு டஜன் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கு முழுவதையும் வாரம் இரு முறை, முறைக்கு அரை மணி நேரம், 20 வாரத்தில், அதாவது மொத்தம் 20 மணி நேரத்தில் முடித்ததாக எழுதியிருக்கிறார். இதைப் பலரும் அற்புதம்போல மேற்கோள் காட்டுவார்கள், நிபந்தனைகளை விட்டுவிட்டு: கேட்டவர்கள் பிள்ளைகள், நேரம் தவறினால் அன்றைக்கு வகுப்பு கிடையாது, இன்னொரு முறை தவறினால் வகுப்பே கிடையாது, இடையில் வீட்டுப் பயிற்சி உண்டு. இந்த நிபந்தனைகளைத் தளர்த்தி ‘பாவம், இன்னிக்கு மறந்துட்டான்’ என்று விட்டால் 20 வாரம் அல்ல, இரண்டு வருடம் ஆனாலும் பின்னம் தாண்டாது.

சின்னவர்கள் வாசிப்பு விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. விட்டுவிட்டால் ஒரு பிள்ளை ஐந்தில் வாசிக்கும், இன்னொன்று ஒன்பதில் வாசிக்கும், இரண்டும் இயல்பு. ஆனால் எட்டு வயதில் வாசிக்க ஆசைப்பட்டு, முயன்று, முடியாமல் ஒதுங்கும் பிள்ளை வேறு. அந்தப் பிள்ளைக்குக் கண், காது, பிறகு கற்றல் குறைபாடு என்ற வரிசையில் பரிசோதனை உடனே வேண்டும். ‘தானாக வரும்’ என்று அங்கே காத்திருப்பது சுதந்திரம் இல்லை, அலட்சியம்.

பத்தாம் வகுப்புக்கு நேர் வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ்: தினமும் பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழி தரும் மத்திய அரசு அமைப்பு. 14 வயது நிறைந்தால் பதிவு செய்யலாம். முந்தைய வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், படிக்கும் திறன் உண்டென்ற சுய உறுதிமொழி தர வழி உண்டு. மொழி உட்பட ஐந்து பாடம், தேர்ச்சி 33 சதவீதம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே தவணையில் எழுத வேண்டியதில்லை: ஏப்ரல்-மே தவணையில் இரண்டு, அக்டோபர்-நவம்பரில் இரண்டு என்று பிரிக்கலாம். தமிழ் வழியிலும் எழுதலாம். பலர் சறுக்கும் இடம் பாடத்தேர்வு. ஓவியம், டேட்டா என்ட்ரி, மனையியல் என்று எளிதானவற்றை எடுத்துத் தேறிவிட்டு, பிறகு அறிவியல் பிரிவில் சேரப் போய்த் திரும்பி வருகிறார்கள். கூடுதல் பாடமும் எடுக்கலாம் என்பதால், சந்தேகம் இருக்கும்வரை கணக்கையும் அறிவியலையும் பட்டியலில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பாடத்துக்குப் பாடம் எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்புக்கு மதிப்பெண் உண்டு. அதை அனுப்பத் தவறுவதுதான் இந்த வகைப் பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை. கடைசித் தேதியை நினைவூட்டுவதுவரை பெரியவர் செய்யலாம், எழுதுவது பிள்ளை.

அரசுப் பள்ளியிலிருந்து அந்த விசாரணை ஏன் வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் ஓர் எண், உண்டு. டிசி வாங்கியதும் அந்தப் பெயர் பொதுத் தொகுப்பில் போய் நிற்கும். வேறு பள்ளி அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் பள்ளி செல்லாக் குழந்தை என்ற கணக்கில் வரும், ஆசிரியர் பயிற்றுநரோ தலைமையாசிரியரோ தேடி வருவார். அவர்கள் வேலை அது, விரோதமாகப் பார்க்காதீர்கள்.

ஆனால் சட்ட நிலை உங்களுக்கு வசதியாக இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 18-வது பிரிவின்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. 10-வது பிரிவு கடமை என்று மட்டுமே சொல்கிறது. ஆனால் பலகை மாட்டி, கட்டணம் வாங்கி, ஐந்து குடும்பத்துப் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்திருப்பதை வீட்டுக் கல்வி என்று அதிகாரி ஒப்புக்கொள்வார் என எண்ண வேண்டாம். கல்விச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை இந்த மாதமே பாருங்கள். அங்கீகாரம் பெறுவதென்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் தொடங்க வேண்டும்: கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்று, தகுதி பெற்ற ஆசிரியர், நிலம். வாடகைத் தோட்டத்து வீடு இதில் தேறுவது கடினம். அங்கீகாரம் வந்தபின் வகுப்பு 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி. 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி என்ற கணக்கும் காட்ட வேண்டும். செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்பது, அச்சமின்றிக் கற்பது என்று அதே சட்டத்தின் 29-வது பிரிவு சொல்வதை விண்ணப்பத்தில் மேற்கோள் காட்டலாம். இங்கிலாந்தில் பாடத்துக்கு வருவதைப் பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டதற்காக அரசு சம்மர்ஹில்லுக்கு நோட்டீஸ் கொடுத்து, வழக்கு 2000 மார்ச்சில் பள்ளிக்குச் சாதகமான சமரசத்தில் முடிந்ததை நம் அதிகாரியிடம் நீட்டிப் பயனில்லை. அது அந்த நாட்டுச் சட்டம்.

பையனின் அப்பாவிடம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர அவனுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு உரிமை தருகிறது, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் உண்டு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எண், பழைய டிசி நான்கையும் ஒரே கோப்பில் வைத்து வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். பள்ளியில் வாங்கி வைக்காதீர்கள்.